சீரோடு வந்த துப்பாக்கி மருந்து

எங்களிடம் இருந்தது வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற லைசென்ஸ் துப்பாக்கி. முதலில் கருமருந்து, மேலே தேங்காய் நார், அப்புறம் ஈயக்குண்டு. கம்பியால் இடித்து, பின்னால் அடிபட்டால் பொறி விடுகிற கேப்பு வைத்து, அதைத் தட்டுகிற குதிரையை இழுத்துச் சுட வேண்டும்.

எல்லாக் கருமருந்தும் அதற்கு ஆகாது. கேழ்வரகு மாதிரி மணிமணியாக இருக்க வேண்டும். மாவாக இருந்தால் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளும். நான் உள்ளங்கையில் கொட்டி விரலால் தேய்த்துப் பார்ப்பேன். மணி உடையாமல் உருண்டால் வாங்குவேன். இல்லாவிட்டால் விருதுநகர் லைசென்ஸ் கடையில் இருந்து வெறுங்கையோடு சைக்கிளை மிதிப்பேன்.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு ஐப்பசி. விடாத மழை. வைத்திருந்த மருந்து நீர்த்துக் கட்டி தட்டிவிட்டது. லைசென்ஸ் கடையிலும் சரக்கு இல்லை. கடலை பிடுங்குகிற பக்குவத்தில் நின்றது. பொழுது சாய்ந்தால் வைப்பாற்றுப் புதரில் இருந்து பன்றிகள் ஏறி வந்தன. அந்தக் கடலைதான் எங்களுக்கு வருசச் சாப்பாடு.

என் வீட்டுக்காரியின் அண்ணன் ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவர். தீபாவளி முடிந்தால் அங்கே வேலை இருக்காது. தங்கச்சிக்குச் சீர் கொண்டு வருவார். சேலை, வேட்டி, பலகாரம். அந்த வருசம் அதோடு ஒரு துணிப் பொட்டலமும் கொண்டு வந்தார்.

அவர் வந்த அன்று சாயந்தரம் நான் வேலிக்கு முள் வெட்டிப்போட்டுவிட்டு வந்தேன். சுவரில் துப்பாக்கி இல்லை.

"அண்ணன் காட்டுக்குக் கொண்டு போயிருக்காக. உங்க மருந்து நமுத்துப் போச்சுன்னு அவுகளே பொட்டலத்துல மருந்து கொண்டாந்து கெட்டிச்சிட்டாக" என்றாள் வீட்டுக்காரி.

பாயில் கொஞ்சம் மருந்து சிந்திக் கிடந்தது. தொட்டேன். மணி இல்லை. மாவு. விரலில் வெள்ளியாக ஒட்டியது. வெடிக்குள் போடுகிற அலுமினிய மருந்து.

ஒரு சிட்டிகையை வாசல் கல்லில் வைத்து, நீளக் குச்சியில் நெருப்பெடுத்து நீட்டினேன். கண் கூசுகிற மாதிரி ஒரு வெளிச்சம். படீர் என்று சத்தம். நல்ல கருமருந்தாக இருந்தால் புஸ்ஸென்று புகைந்து போயிருக்கும்.

அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் காட்டுக்கு ஓடினேன். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

மச்சான் வரப்புக்குப் பின்னால் குத்தவைத்திருந்தார். துப்பாக்கி தோளில். கேப்பு வைத்தாயிற்று, குதிரையும் இழுத்தாயிற்று. எதிரே ஒரு தாய்ப்பன்றி குட்டிகளோடு கடலையைக் கிளறிக்கொண்டிருந்தது. கத்தினால் திடுக்கிட்டு விசையை அமுக்கிவிடுவார். தவழ்ந்து பக்கத்தில் போனேன்.

"மச்சான், சுடாதீக."

"ஏன் மாப்பிள, பன்னி ஒங்களுக்குச் சொந்தமா?"

"மருந்து ஆகாது மச்சான்."

"எனக்கா மருந்து சொல்லுதீக? நான் மருந்துலயே குளிக்கிறவன். ஒங்க கரி மருந்துக்குப் பன்னி தும்மும். இதுக்கு ஒரே போடு."

"எம்புட்டுப் போட்டீக?"

"நீங்க போடுற அளவுதான்."

கால்வாசி போட்டிருந்தாலே அந்தக் குழல் தாங்காது. அதுவும் கன்னத்தை ஒட்டி.

"வெடிக்கு மேல்தாள் கிழியணும் மச்சான். துப்பாக்கிக்குக் குழல் கிழியக்கூடாது. இந்த மருந்து தள்ளாது. கிழிக்கும்."

"சீராக் கொண்டாந்ததைக் குத்தம் சொல்லுதீகளா?"

அவர் மூத்தவர். சீர் கொண்டு வந்தவர். கையில் இருந்து பிடுங்கினால் உறவு போகும். இழுபறியில் விசை தட்டினால் ஆளே போவார். அவர் கன்னத்தைக் கட்டையில் சாய்த்தார்.

அப்போது அவள் வரப்பைத் தாண்டிக் கடலைக்குள் இறங்கினாள். குடம் இடுப்பிலேயே இருந்தது. குழலுக்கு நேர் எதிரே போய் நின்றாள். பன்றிகள் உர்ரென்று புதருக்குள் ஓடின.

"ஏ கிறுக்கி! தள்ளு அங்கிட்டு!"

"பன்னி போயிருச்சுண்ணே. இனி யாரைச் சுடப் போறீக?"

அவர் குழலை வானத்துக்குத் தூக்கினார். குதிரை இன்னும் இழுத்தபடியே நின்றது. வியர்த்த பெருவிரலால் அதை இறக்கப் போனார்.

"குதிரையத் தொடாதீக, வழுக்குனா வெடிச்சிரும். கேப்பை எடுங்க முதல்ல" என்றேன்.

கேப்பு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பினார். அலுமினியம் ஏறி வெளுத்துப்போன நகம். வரவில்லை. எச்சில் தொட்டுத் திருகினார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விரல் வழுக்காமல் இருக்கட்டும் என்றுதான்.

கேப்பு கழன்று சேற்றில் விழுந்தது. குதிரையை மெதுவாக இறக்கிவிட்டு, துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை.

பனைமரத்தில் சாய்த்து நிறுத்தினேன். அவள் குழல் வாயில் குடத்துத் தண்ணீரை விட்டாள். நார் குடிக்கக் குடிக்க விட்டுக்கொண்டே இருந்தாள். கம்பியை உள்ளே விடவில்லை. அந்த மருந்துக்கு உரசலே போதும்.

நன்றாக ஊறின பிறகு குழலைக் கவிழ்த்துத் தட்டினேன். குண்டும் நாரும் விழுந்தன. பின்னாலேயே சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வழிந்தது. மச்சான் குனிந்து பார்த்தார்.

"நல்ல மருந்து. பாழாப் போச்சு" என்றார்.

நான் அதன் மேல் மண்ணைத் தள்ளி மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சோறு போட்டாள். அவர் பிசைந்து உருட்டி வாய்க்குக் கொண்டு போகிறவரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா அப்படிப் பாக்கே?"

"ஒண்ணுமில்லண்ணே. குழம்பு ஊத்தவா?"

மறுநாளும் பன்றி வந்தது. தகர டின்னைத் தட்டித்தான் விரட்டினோம். தெற்குப் பக்கத்துக் கடலை பூராவும் போய்விட்டது. மச்சான் ஊருக்குப் போகவில்லை. கடலை பிடுங்குகிறவரை இருந்து டின் தட்டினார்.