முதலில் யார் சொன்னது?

ஹட்டனிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாருக்கும் சொல்லத் தெரியாது. எங்களுக்குக் கடல் என்றால் அரிசியோடு சேர்ந்து வரும் கருவாட்டு மூட்டை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட மலையின் மேல் உட்கார்ந்துகொண்டு நான் மூன்றரை வருடம் சுறாக்களையும் திருக்கைகளையும் வகை பிரித்தேன் என்றால் என் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்த வேலையில் கற்றுக்கொண்ட ஒரு முறையை வைத்துத்தான் எங்கள் குடும்பத்தைக் கவிழ்த்தது யார் என்று கண்டுபிடித்தேன். அதை மட்டும் அவர்களிடம் இதுவரை சொல்லவில்லை.

வேலை கொடுத்தவர் ஒரு கிழட்டு வெள்ளைக்கார துரை. தேயிலைத் தோட்டங்களில் காலம் முழுவதும் கழித்துவிட்டு, ஓய்வு பெற்றபின் சீமைக்குப் போகாமல், பொகவந்தலாவை போகும் பாதையில் ஒரு சின்ன பங்களாவில் தங்கிவிட்டவர். இலங்கையைச் சுற்றியுள்ள கடலில் இருக்கும் அத்தனை சுறாவையும் திருக்கையையும் ஒரே புத்தகத்தில் எழுதி முடிக்க வேண்டும் என்பது அவருடைய பைத்தியம். ஹட்டனில் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த என்னை, எழுதிக்கொடுக்கவும் டைப் அடிக்கவும் எடுத்துக்கொண்டார். காலையில் எங்கள் தோட்டம் இருந்த றொசல்லையில் ரயில் ஏறி, ஹட்டனில் பஸ் பிடித்துப் போவேன். அவருடைய தமிழ், விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும்போது கற்ற தமிழ். அதனால் அதில் கட்டளையைத் தவிர வேறொன்றும் கிடையாது. வா, எடு, புரட்டு, எழுது. நன்றி என்ற சொல்லை அவர் தமிழில் கற்கவில்லை, என்னிடம் ஆங்கிலத்திலும் சொன்னதில்லை.

மரப்பெட்டிகள் ரயிலில் ஹட்டனுக்கு வந்து இறங்கும். பஸ் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, என் முன்னோரையெல்லாம் திட்டிக்கொண்டே அவற்றைக் கூரைமேல் ஏற்றுவான். திறந்தால் உப்புப்போட்டு உலர்த்திய தோல், மருந்துத் தண்ணீரில் மிதக்கும் குட்டிகள், தாடை எலும்புகள். அந்தத் தாடைகளை துரை சுவர் முழுக்க ஆணியடித்து மாட்டியிருந்தார். ஜன்னல் வழியாகப் பனிமூட்டம் உள்ளே வந்து சுவர் மறைந்துபோகும். அது விலகும்போது பல் வரிசைதான் முதலில் தெரியும். முதல் வாரம் முழுவதும் நான் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்காரவே இல்லை.

சுறாவையும் திருக்கையையும் பிரிக்க அவர் ஒரே ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். செவுள் பிளவுகள் பக்கவாட்டில் இருந்தால் சுறா. வயிற்றுப் பக்கம் இருந்தால் திருக்கை. மேலே பார்க்க எப்படி இருந்தாலும் சரி. உழுவை என்று ஒரு மீன் இருக்கிறது. நீண்ட உடம்பு, சுறாவைப் போல நிமிர்ந்த துடுப்புகள். ஹட்டன் கடைத்தெருவில் அதன் கருவாட்டைச் சுறா என்றுதான் விற்பார்கள், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று நாங்களும் வாங்கி ஆக்கிக் கொடுப்போம். புரட்டிப் பார்த்தால் செவுள் அடியில் இருக்கும். அது திருக்கை இனம். நான் முதன்முதலில் அதைச் சுறா என்று குறிப்பு அட்டையில் எழுதியபோது துரை அட்டையைக் கிழித்துப் போட்டார்.

"மேல பாத்து எழுதாதே. புரட்டு."

அடுத்த வேலைதான் பெரிய வேலை. பழைய புத்தகங்களையும் சஞ்சிகைகளையும் படித்து, இந்த மீன் நம் கடலில் உண்டு என்று எவர் எழுதியிருந்தாலும் அவருக்கு ஓர் அட்டை போட வேண்டும். அட்டையில் மூன்று வரி. என்ன சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார். முதலில் யார் சொன்னது. எந்த ஆசிரியரை எத்தனை பேர் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணவும் வேண்டும். தேயிலைச் சாம்பிள் அனுப்பும் தகரப் பெட்டிகளில் அட்டைகளை அடுக்கிவைத்தேன். அலுப்பான வேலைதான். ஆனால் எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய பெரிய மனிதர்கள் எவரிடமிருந்து எடுத்தார்கள் என்பதை ஒரு லயத்துப் பெண் தகரப் பெட்டிக்குள் பிடித்துப் போடுவதில் ஒரு திமிர் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒரு திருக்கையைப் பற்றிப் பதினொரு புத்தகங்கள் ஒரே குரலில் பேசின. நம் கடலில் உண்டு, நிச்சயம் உண்டு என்று. அட்டைகளை வரிசையாக வைத்துப் பின்னால் போனேன். பதினொன்றாமவர் பத்தாமவரைப் பார்த்து எழுதியிருந்தார், பத்தாமவர் ஏழாமவரை. கடைசியில் எல்லாரும் ஒரே ஆளிடம் போய் நின்றார்கள். அந்த ஆளும் மீனைப் பார்த்ததில்லை. ஒரு சந்தையில் காய்ந்த வால் ஒன்றை மட்டும் பார்த்திருக்கிறார். துரை சத்தம்போட்டுச் சிரித்தார். பிறகு அந்தத் திருக்கையின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வாலைப் பார்த்தவன் சொன்னதைப் பதினொரு பேர் திருப்பிச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பது எனக்குப் பயமாக இருந்தது.

அந்த நாட்களில் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் ஒரு பயம் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்த கையோடு எங்கள் ஆட்கள் இந்த நாட்டவர் இல்லை என்று சட்டம் வந்துவிட்டது. இங்கேதான் நிலையாக இருக்கிறோம், வேறு ஊர் எங்களுக்குக் கிடையாது என்று காட்டி மனுப் போட்டால் பிரஜாவுரிமை கிடைக்கலாம் என்றார்கள். எல்லாரும் போட்டோம். பிறகு பல வருடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் பழுப்பு உறைகள் ஒன்றொன்றாக வரத் தொடங்கின. தபால்காரன் மேட்டில் ஏறி வருவது தெரிந்தால் கொழுந்து பறிக்கும் மலையில் பேச்சு நின்றுவிடும். எந்தக் காம்பிராவுக்கு, எந்த வீட்டுக்கு என்று எல்லாரும் பார்ப்பார்கள். உறை வந்த வீட்டில் யாரும் அழமாட்டார்கள். கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எங்கள் வீட்டு உறை ஒரு மழை நாளில் வந்தது. அப்பா தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை செய்தவர், றொசல்லையிலேயே பிறந்தவர், அதைத் தாண்டிக் கண்டிக்கு மேல் போனதில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துச் சொன்னேன். மனுதாரருக்கு இந்தியாவில், திருச்சி ஜில்லா முசிறிப் பக்கத்தில் சொந்த ஊர் இருப்பதாக மூன்று அறிக்கைகள் உறுதிப்படுத்துகின்றன, மறுப்பு இருந்தால் விசாரணைக்கு வரவும் என்று இருந்தது. நாங்கள் ஏழு பேர் அந்த ஒரு மனுவில் இருந்தோம்.

"மூணு பேரு சொன்னாங்களா? எவன் பாப்பா சொன்னான்? அந்த ஊர எங்கப்பனே மறந்துட்டாரே" என்றார் அப்பா.

அறிக்கைகளின் பிரதியை உறையோடு வைத்திருந்தார்கள். நான் அவற்றை துரையிடம் கொண்டுபோனேன். உதவுவார் என்ற நம்பிக்கையில்தான். அவர் கண்ணாடியைப் போட்டு மூன்றையும் படித்தார். விசாரணை செய்தவர் கிராமத் தலைவரின் கடிதத்தைக் காட்டியிருந்தார். கிராமத் தலைவர் தோட்ட ஆபீஸ் கடிதத்தைக் காட்டியிருந்தார். தோட்ட ஆபீஸ் கடிதத்தில், எங்கள் கோப்பில் உள்ள ஓர் ஆவணத்தின்படி என்று மட்டும் இருந்தது. துரை ஒரு விரலைத் தூக்கினார்.

"ஒரு ஆள்தான். தேடு."

அவர் முகத்தில் இரக்கம் இல்லை, ஆர்வம் இருந்தது. ஆனாலும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்தத் திருக்கையை அடித்ததுபோல இதையும் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளே எங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். பீரோவிலிருந்து அப்பாவின் கோப்பை எடுத்து, தூசு தட்டி, துருப்பிடித்த குண்டூசியோடு இருந்த ஒரு தாளைப் புரட்டி என் பக்கம் திருப்பினார்.

"இதுதாம்மா. ஒங்கக்கா கல்யாணத்துக்கு ஒங்கப்பா லீவு கேட்டப்ப வச்சது. பத்திரிகை அச்சடிச்சு வரலன்னு கையால எழுதுன நகலக் குடுத்தாரு. நீதானே எழுதுன? கையெழுத்து முத்து முத்தா இருக்கு."

நான்தான் எழுதினேன். சுதந்திரம் வந்த மறுவருடம், எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஆட்கள் கல்யாணப் பத்திரிகையில் பாட்டன் பூட்டன் ஊரை முதலில் போடுவார்கள். சொந்த ஊர் இன்னது, தற்சமயம் இன்ன தோட்டம் என்று. மூன்று தலைமுறை இங்கே செத்துப் புதைந்திருந்தாலும் தோட்டத்துக்குத் 'தற்சமயம்'தான். அப்பா அன்றைக்கு வேண்டாம் என்றார். "எதுக்கு புள்ள அது? நான் கண்ணால பாக்காத ஊரு. றொசல்லைன்னு போடு, போதும்." நான்தான் கேட்கவில்லை. "எல்லார் பத்திரிகையிலயும் இருக்குப்பா. இல்லாட்டி ஊரு பேரு இல்லாதவங்கன்னு மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க" என்று சொல்லி, நல்ல பேனாவால், அந்த வரியை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

ஆபீஸ் படி இறங்கி நேரே லயத்துக்குப் போனேன். அப்பாவிடம் சொல்லவில்லை. விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். சொல்ல வேண்டியதை ஆங்கிலத்தில் எழுதி மனப்பாடம் செய்தேன். அறிக்கைகள் மூன்று, சொன்னவர் ஒருவர், அவரும் அந்த ஊரைப் பார்க்காத ஒரு சிறுமி. அவ்வளவுதான் என் வாதம். அது நல்ல வாதம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

விசாரணை ஹட்டனில் ஓர் அலுவலக அறையில் நடந்தது. அதிகாரி சிங்களவர். பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் ஒருவர். மேசையில் அந்தத் தாள் இருந்தது. அப்பா அதைப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் என் கையெழுத்து தெரியும். ஸ்லேட்டில் எழுதிய நாளிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

அதிகாரி பேசியதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "இதில உங்கட ஊர் இந்தியாவில எண்டு கிடக்கு. மனுவில வேற ஊர் இல்லை எண்டு கிடக்கு. ரெண்டில ஒண்டு பொய். இது பொய் எண்டால் எழுதின ஆளில வழக்கு வைக்கலாம் எண்டு ஐயா சொல்லுறார். இதை ஆர் எழுதினது?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார். செருப்பில்லாத கால், வலிக்கும்படி அழுத்தி மிதித்தார்.

"நான் சொல்லி எழுதுனதுங்க. கூலிக்கு எழுதுற ஆள் ஒருத்தன், இப்ப செத்துப் போயிட்டான். பொய்யில்லீங்க. எங்க ஊரு அதுதாங்க."

அதிகாரி எழுதிக்கொண்டு, அதன் கீழ் அப்பாவிடம் கைநாட்டு வாங்கினார். ஏழு பேருடைய கதை அந்த இரண்டு வரியில் முடிந்தது. நான் மனப்பாடம் செய்திருந்த ஆங்கிலத் தாளை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். நான் ஏன் கத்தவில்லை என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டுக்கொண்டேன். பயந்துவிட்டேன், அதுதான் உண்மை. வழக்கு என்ற சொல்லுக்குப் பயந்துவிட்டேன்.

பஸ் நிற்கும் இடத்தில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பா மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"விடு பாப்பா. அக்கா கல்யாணம் நல்லபடியா நடந்துச்சுல்ல?"

முடிவு வந்த கடிதத்தில், மனுதாரரே ஒப்புக்கொண்டபடி என்று இருந்தது. சில வருடம் கழித்து இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கங்களும் எங்கள் ஆட்களைப் பங்கு பிரித்தபோது அப்பாவும் அம்மாவும் தம்பிகளும் போகிறவர்கள் பக்கம் விழுந்தார்கள். அந்தக் காகிதங்களிலும் அதே ஊர், அதே மேற்கோள். பிரஜாவுரிமை கிடைத்த ஒருவரைக் கட்டிக்கொண்டதால் நான் இங்கே தங்கினேன். அப்பா தன் கண்ணால் பார்த்திராத ஊருக்குப் போய், அங்கே ஒரு வருடம்கூட முழுதாக உயிரோடு இருக்கவில்லை.

துரை புத்தகத்தை முடிக்காமலே இறந்தார். வேண்டாம் என்று தூக்கிப் போட்ட தகரப் பெட்டிகளில் ஒன்றை நான் கொண்டுவந்தேன். சுறாக்களுக்கும் திருக்கைகளுக்கும் பின்னால், கடைசியாக, நான் எனக்கென்று எழுதிய அட்டை ஒன்று இருக்கிறது. முதலில் சொன்னது என்ற வரியில் என் பெயரைப் போட்டிருக்கிறேன். அரசாங்கக் கோப்பில் அந்த இடத்தில் அப்பாவின் கைநாட்டு இருக்கிறது. யாராவது என்றைக்காவது தேடிப்போனால் அவரிடம்தான் போய் நிற்பார்கள்.