அடாய்க்கு வழி சொன்னவள்

குருபாரி கிர்சானியின் மகள் அடாய் செத்து இரண்டு வருஷமாகியும் அவளுக்குக் கல் நடவில்லை. கல் நட எருமை வேண்டும், உறவுக்கெல்லாம் சோறு போட வேண்டும். அதுவரை செத்தவர்கள் டூமாவாக, ஆவியாக வீட்டைச் சுற்றித்தான் இருப்பார்கள். சால்பதர் ஊரில் மற்றவர்கள் அதற்குப் பயந்து குருபாரியின் வாசல் பக்கம் போகாமல் சுற்றிப் போனார்கள். குருபாரிக்குப் பயமில்லை. மகள் எங்கே இருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். பரணில், வைக்கோல் புரி சுற்றிய விதைக் கட்டுக்குள்.

ஆலங்கட்டி மழை எல்லார் வயலையும் சாய்த்துப்போட்ட ஒரு வருஷம், சரிவில் விழாமல் நின்ற ஏழு கேழ்வரகுக் கதிர்களை ஒடித்து வந்தவள் அடாய். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. கறுத்த கதிர்கள், முஷ்டி மடக்கியது போல இருக்கும். தனியாக விதைத்தாள், தனியாக அறுத்தாள், சாய்ந்ததையெல்லாம் மாட்டுக்குப் போட்டாள். ஆறு வருஷத்தில் பக்கத்து நான்கு ஊர்களும் அதை வாங்கிப்போய் விதைத்தன. அடாய் மாண்டியா, அதாவது அடாய் கேழ்வரகு என்றே அதற்குப் பெயர். பிறகு ஒரு மழைக்காலத்துக் காய்ச்சல் வந்தது.

கோராபுட்டில் ஒரு விதைச் சங்கத்தில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய்ப் பயிர் ரகங்களின் பதிவு பற்றிக் கூட்டம் நடத்துவோம். சால்பதர் பள்ளிக்கூட வராந்தாவில் எங்கள் அதிகாரி விளக்கிக்கொண்டிருந்தார்.

"உங்க விதைய நீங்க எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், மாத்திக்கலாம், விக்கலாம். அது உங்க உரிமை. நீங்க உருவாக்கின ரகம்னா உங்க பேர்லயே பதிஞ்சுக்கலாம். அதுக்குக் காசு கட்ட வேண்டாம்."

ஊர்க்காரன் புத்ரா எழுந்தான். "சார், என் பொண்டாட்டியும் இந்த ஊர் ரகம்தான். பதிஞ்சு குடுத்துருங்க. வேற யாரும் உரிமை கேக்க மாட்டாங்க."

"முதல்ல உன்னைப் பதியட்டும்," என்றாள் அவன் மனைவி மங்லி. "முளைக்காத ரகம்னு திருப்பி அனுப்பிருவாங்க."

சிரிப்பு அடங்கும்வரை குருபாரி காத்திருந்தாள். "போன வருஷம் பேன்ட் போட்ட ஒருத்தன் வந்து கதிரைப் போட்டோ புடிச்சான். ஒரு கை அள்ளிட்டும் போனான். அவன் பேரு போட்டுக்குவானா?"

"நாம முந்திக்கலைன்னா போடலாம்," என்றார் அதிகாரி.

அன்றே படிவத்தை எழுதினேன். உருவாக்கியவர் என்ற இடத்தில் அடாய் கிர்சானி. எழுத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்தாள் குருபாரி.

"இது எங்க போவும் தம்பி?"

"டெல்லிக்கு, அக்கா."

"பேரு மட்டுமா?"

"பேரும், ரெண்டு கிலோ மாண்டியா சாம்பிளும்."

மறுவாரம் துணிப்பை ஒன்றைக் கொடுத்தாள். பை கதகதவென்று இருந்தது. வெயிலில் காய வைத்திருப்பாள் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஒரு விதைகூட முளைக்கவில்லை. முப்பது நாளுக்குள் வேறு விதை வராவிட்டால் மனு முடிக்கப்படும். அதை எடுத்துக்கொண்டு சால்பதருக்குப் போனேன். குருபாரி முறத்தில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன்.

"முளைக்கப் போட்டாங்களா?" என்று கேட்டாள். "சும்மா பாக்கத்தானே கேட்டாங்கன்னு இருந்தேன்."

"போட்டுப் பாப்பாங்க அக்கா. அதுல வர்ற கதிர வச்சுத்தான் இது தனி ரகம்னு ஒத்துக்குவாங்க."

"அதை நீ சொல்லலியே."

சொல்லவில்லைதான். சாம்பிள் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

அந்த ஊரில், அக்கம்பக்கத்து உறவுகள் தவிர வெளியாளுக்குத் தானியம் கொடுத்தால் சூடான சட்டியில் ஒரு புரட்டுப் புரட்டித்தான் கொடுப்பார்கள். சாப்பிட ஆகும், விதைக்க ஆகாது. உயிரோடு கொடுத்தால் வீட்டு ஆட்கள் அதோடு போய்விடுவார்கள் என்று பயம். குருபாரியும் அப்படியே செய்திருக்கிறாள். பேர் டெல்லிக்குப் போகட்டும், மகள் வீட்டில் இருக்கட்டும் என்று.

"கூப்புட்டா கேக்குற தூரத்துல இருக்கா. அந்த ஊர்ல யாரைத் தெரியும் அவளுக்கு?" என்றாள்.

மனுவை முடித்துக்கொள்ளச் சொல்லிவிடவா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அப்புறம் அவள அந்தப் பேன்ட்டுக்காரன் பேர்ல கூப்புடுவாங்க இல்ல?"

"கூப்புடலாம்."

முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினாள். விதைக் கட்டைப் பிரிக்கும்போது மேலிருந்து பேச்சுக்குரல் கேட்டது. பேசியது அவள் மட்டும்தான். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் நிறுத்தி, பதில் கேட்டவள் போலத் தொடர்ந்தாள்.

பையை என்னிடம் தர மறுத்துவிட்டாள். அவளே பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியதும் பையின் வாயருகே குனிந்து சொல்லத் தொடங்கினாள்.

"இது நம்ம ஓடை. பாலத்துக்கு இந்தப் பக்கம் ரெண்டு பலா நிக்குது, பாத்துக்க. இங்க ரோடு பிரியுது. திரும்பி வரும்போது மலைய எடக்கைப் பக்கமா வச்சுக்கிட்டு வா."

கண்டக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டார். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் குருபாரி சொன்னாள். ஒரு வளைவில் தப்பாகச் சொல்லிவிட்டு, "இல்ல இல்ல, எடப்பக்கம், எடப்பக்கம்" என்று பதறினாள்.

கோராபுட் தபால் ஆபீசில் பார்சலைக் கட்டியதும் என் சட்டையைப் பிடித்தாள். "இதுக்கு மேல எனக்கு வழி தெரியாது. நீ சொல்லு."

நானும் டெல்லிக்குப் போனதில்லை. கவுன்ட்டரில் இருந்தவரிடம் கேட்டேன். வரிசையில் பின்னால் யாரோ, "என்னய்யா, பார்சலுக்குப் பாடம் எடுக்குறீங்களா?" என்றார்கள். கவுன்ட்டர்காரர் குருபாரியின் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"ராயகடா. அப்புறம் ராய்ப்பூர். நாக்பூர். போபால். அப்புறம் டெல்லிம்மா," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

பார்சலில் வாய் வைத்து ஒவ்வொரு பேரையும் குருபாரி திருப்பிச் சொன்னாள். பிறகு கடைசியிலிருந்து தலைகீழாக ஒருமுறை.

ஆடி மாத மழையில் டெல்லியிலிருந்து ஆபீசுக்கு போன் வந்தது. மறுநாளே சால்பதர் போனேன். சரிவில் குருபாரி கேழ்வரகு நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். வரப்பில் நின்றபடியே கத்தினேன்.

"முளைச்சிருச்சு அக்கா! நூத்துக்குத் தொண்ணூத்தாறு!"

நிமிர்ந்தாள். கையில் நாற்று இருந்தது.

"அங்கயா?"

"அங்கதான்."

"அதான்," என்றாள். "ஒரு மாசமா வீட்டுல சத்தமே இல்ல."

மழை வலுத்தது. அவள் நகரவில்லை. "அந்தத் தாள்ல ஊர் பேரு இருக்கா?" என்று கேட்டாள். "யாராவது அவள எந்த ஊருன்னு கேட்டா சொல்லத் தெரியணும்."

"இருக்கு அக்கா."

"சரியாப் பாத்தியா?"

பார்த்தேன் என்றேன். அவள் குனிந்து நடத் தொடங்கினாள். கோராபுட் திரும்பியதும் படிவத்தின் நகலைத் தேடி எடுத்து, சால்பதர் என்று எழுதியிருந்த இடத்தை விரல் வைத்துப் படித்தேன்.