பெரிய தொரையின் சுவரும் என் மூக்குக்கண்ணாடியும்

ஏலத்தில் பழம்பொருள் எடுக்கிறவனுக்கு இரண்டே பயம்தான்: ஒன்று, பொருள் கைவிட்டுப் போய்விடுமோ என்பது, இன்னொன்று, கைக்கு வந்துவிடுமோ என்பது. என்னைப் போல் கைதூக்கிக் கெட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் என் மனைவியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிக்கக் காரணம் ஒரு சுவர். மலேசியாவில் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். அங்கே பெரிய தொரை பங்களாவின் கூடத்துச் சுவரில் ஈட்டி, கேடயம், முகமூடி, அரிவாள் என்று வரிசையாக மாட்டியிருக்கும். லயத்துப் பிள்ளைகள் பின்வாசல் படிக்கு மேல் ஏறக்கூடாது. படியில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

படித்து ஈப்போவில் அரசாங்கக் கிராணி, அதாவது குமாஸ்தா, ஆனேன். எழுபதுகளில் தொரைமார் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்ப, பங்களாச் சாமான்கள் ஈப்போ ஏலக்கூடத்துக்கு வர ஆரம்பித்தன. அந்தச் சுவரும் ஒருநாள் வரும், அதிலிருந்து ஒன்றையாவது எடுத்து என் வீட்டில் மாட்டிவிட வேண்டும் என்ற வைராக்கியத்தோடு சனிக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தேன்.

கேடயம் வீட்டுக்கு வந்தது

முதலில் எடுத்தது, ஏலச்சீட்டில் 'சரவாக் பழங்குடிக் கேடயம்' என்று போட்டிருந்த ஒரு கேடயம். ஆள் உயரம். நடுவில் கோரைப்பல்லும் முட்டைக்கண்ணுமாக ஒரு முகம். பஸ்ஸில் ஏற்றியபோது, அது ஒரு ஆள் இடத்தை அடைக்கிறது என்று சொல்லி கண்டக்டர் அதற்கும் அரை டிக்கெட் கிழித்தார். மறுநாள் ஆபீசில் பெருமையாகச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று மரியாதையாக விசாரித்தார்.

வீட்டில் மாட்ட இடம் இருந்தது ஒரே சுவரில். அதில் ஏற்கெனவே இயேசுவின் திருஇருதயப் படம் இருந்தது. படத்துக்கு நேர் எதிரே, கதவுக்குப் பின்னால் கேடயத்தைச் சாய்த்து வைத்தேன். மூன்றாம் நாள் மனைவி பிலோமினா ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அத செவுத்துப் பக்கமா திருப்பி வைங்க. ஜெபம் சொல்றப்ப என்னையே பாத்துக்கிட்டு இருக்கு."

பெத்தாய்க்காரரின் கேள்வி

அடுத்தது ஒரு மூங்கில் குழாய். சுற்றிலும் நெருக்கமாகக் கோடுகள் செதுக்கியது. ஓராங் அஸ்லி என்னும் மலைவாழ் பழங்குடி மக்களின் பழங்கலை என்று ஏலச்சீட்டில் போட்டிருந்தது. மேசைமேல் வைத்து, அதில் பேனாக்களைச் செருகி, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அந்தக் கோடுகளுக்கு நானே அர்த்தம் கண்டுபிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து பெத்தாய் என்கிற காட்டு அவரைக்காய் கொண்டுவந்து வீடு வீடாக விற்கிற ஓராங் அஸ்லிக்காரர் ஒருவர் ஒருநாள் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டுக் குழாயைக் காட்டினேன். பேனாக்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, குழாயைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தார். பிறகு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கேட்பதுபோல, மலாயில் பொறுமையாகக் கேட்டார். தமிழில் சொன்னால் இப்படி: "இது சும்பித்தான் ஊதுகுழல்ல போடுற அம்பு வைக்கிற குழாய். எங்க வீட்டுல அஞ்சு இருக்கு. உங்க வீட்டுல பேனா வைக்கிறதுக்கு டப்பா இல்லையா?"

நாங்களும் ஏலத்துக்கு வந்தோம்

எண்பதுகளின் ஆரம்பத்தில் அந்தச் சுவர் வந்தே விட்டது. எங்கள் தோட்டத்துப் பங்களாவைக் காலி செய்து, எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஈட்டியும் முகமூடியும் என் சக்திக்கு மேல். அரிவாள் ஒன்றுதான் தோது. ஒரு கை நீளம், வளைந்த நுனி, பிடியில் மூன்று சின்ன மணிகள். ஏலச்சீட்டில் அதற்கு எழுதியிருந்த பெயர், 'தென்னிந்தியப் பழங்குடி ஆயுதம்'.

தொரை இந்தியாவுக்குப் போனபோது வாங்கி வந்திருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படியும் அந்தப் பெயர் என்னைக் குத்தியது. ஏலக்கூடத்து முதலாளியான தவுக்கே சீனர், என்னை நன்றாகத் தெரிந்தவர். சீட்டைக் காட்டி அவரிடம் முறையிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேடயம் எடுத்தப்ப நீ ஒண்ணும் சொல்லலயே லா."

கண்ணாடி இல்லாத பத்து நிமிஷம்

எங்கள் ஏலக்கூடத்தில் ஒரு வழக்கம். நெடுநாள் வாடிக்கைக்காரர்கள் கை தூக்க வேண்டாம். தவுக்கேயிடம் முன்கூட்டியே ஒரு அடையாளம் சொல்லி வைத்தால் போதும். ஒருவர் காதைப் பிடிப்பார், ஒருவர் பேப்பரை மடிப்பார். என் அடையாளம், மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவது. கழற்றியிருக்கும் வரை நான் ஏற்றிக்கொண்டே போகிறேன் என்று அர்த்தம். கழற்றிவிட்டால் எனக்கு முன் நாற்காலியே தெரியாது. இதை யோசிக்காமல் சொல்லித் தொலைத்திருந்தேன்.

அரிவாள் மேசைக்கு வந்தது. கழற்றினேன். பின்வரிசையில் யாரோ விடாமல் ஏற்றினார்கள். திரும்பிப் பார்த்தேன், வெள்ளையாக ஒரு மங்கல்தான் தெரிந்தது. பினாங்கு வியாபாரியாக இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடைசியில் பின்வரிசை அடங்கியது. சுத்தியல் விழுந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜெயித்த மிதப்பில் திரும்பினால், துவைத்த வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக எங்கள் தோட்டத்து ஆட்கள் எட்டுப் பேர். முன்னால் நின்றவர் வெள்ளையம்மா அக்கா. என் அம்மாவுக்கு அடுத்த நிரையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்.

அவர் சொல்லித்தான் தெரிந்தது, அது தோட்டத்து முனியாண்டி சாமியின் அரிவாள். பழைய மரங்களை அழித்து மறுநடவு செய்தபோது, சாமியை இடம் மாற்றும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று தொரை வாங்கி வைத்தாராம். அவர் திருப்பித் தரவில்லை. கேட்க இவர்களுக்கும் வாய் வரவில்லை. அத்தனை வருஷமும் திருவிழாவுக்கு மரத்தில் செய்து வெள்ளிக் காகிதம் ஒட்டிய அரிவாள்தான். நாங்கள் வேதக்காரக் குடும்பம். முனியாண்டி பக்கம் எட்டிப் பார்த்தால் அப்பா தோலை உரித்துவிடுவார். அதனால் அதே லயத்தில் பிறந்தும் எனக்கு ஒன்றும் தெரியாது.

சாமி அரிவாளை மீட்க வீட்டுக்கு வீடு காசு சேர்த்துக்கொண்டு வந்தவர்களைத்தான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டித் தோற்கடித்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "எங்க சாமிக்காகத்தான் வந்தியா தம்பி? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க கைய எறக்கியிருப்போம்லா."

மாலை

ஆமாம் என்று தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்த கையோடு பிலோமினாவும் நானும் தோட்டத்துக்குப் போய் அரிவாளைக் கொடுத்தோம். மேளம் அடித்தார்கள். பூசாரி வெள்ளிக்காகித அரிவாளை எடுத்துவிட்டு இதை வைத்தார். மணி மூன்றும் குலுங்கின. கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். நானும் அழுதேன். கிடைத்தது கைவிட்டுப் போகிறதே என்ற அழுகையும் அதில் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

எனக்கு ஒரு சம்பங்கி மாலை போட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு பிலோமினா சொன்னாள்: "பத்து வருசமா நீங்க வாங்குனதுல இது ஒண்ணுதான் நல்ல சாமான். அதான் நம்ம வீட்டுக்கு வரல."

ஏலக்கூடத்தில் நான் தோற்கடித்தவர்களே எனக்கு மாலை போட்டது அந்த ஒரு தடவைதான். சாமிக்காக இல்லை, என் வீட்டுச் சுவரில் மாட்டத்தான் ஏற்றினேன் என்று வெள்ளையம்மா அக்காவிடம் இன்றுவரை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.