வெள்ளத்தின் மேல் தெயோலிந்தாவின் அபிப்பிராயங்கள்

காணாமல் போன ஒரு பன்றிக்குட்டிக்காகத்தான் தெயோலிந்தா அக்கா முதன்முதலில் என் ஒலிபெருக்கிச் சாவடிக்குள் வந்தார். பராகுவேயின் ஆற்றங்கரை ஊரான சான் ஹசிந்தோவின் சந்தையில் விளம்பரமும் மரண அறிவிப்பும் சொல்வது என் பிழைப்பு. மைக்கை அவரிடம் கொடுத்தேன். "கறுப்புக் குட்டி, இடது காதுல வெள்ளை" என்றார். பிறகு மைக்கைத் திருப்பித் தரவில்லை.

"குட்டி ஓடிப்போனதுக்குக் காரணம் வேலி இல்ல. வேலியப் பாத்துக்கச் சொன்ன பக்கத்து வீட்டுப் பொண்ணு போனைப் பாத்துக்கிட்டிருந்தா. நாலு பேர் ஒரே குவளையில தெரெரே மாத்தி மாத்திக் குடிக்க உக்காந்திருக்கானுங்க, நாலு பேரும் போனுக்குள்ள குனிஞ்சிருக்கானுங்க. குவளை யார் கையில நிக்குதுன்னு குவளைக்கே தெரியல!"

சந்தை சிரித்தது. கசாப்புக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். குட்டி கிடைக்கவில்லை. ஆனால் மறுநாள் நண்பகலிலும் அவர் வந்தார். அதற்குப் பிறகு வராத நாள் அபூர்வம்.

தெரெரே என்னும் குளிர்ந்த பானத்தில் போடும் பச்சிலைகளை உரலில் இடித்து விற்பது அவருடைய தொழில். கட்டட வேலைக்கு புவெனஸ் அயர்ஸ் போன புருஷன் திரும்பவில்லை. அதைப் பற்றி மட்டும் அவருக்கு அபிப்பிராயம் கிடையாது. மற்ற எல்லாவற்றைப் பற்றியும் உண்டு. கல்யாண வீட்டில் பாட்டை அலறவிடுகிறார்களே, சம்மதமா என்று பாதிரியார் கேட்டது மாப்பிள்ளையின் காதில் விழுந்திருக்குமா? தேர்தலுக்குத் தரும் பனியனை முதல் தடவை துவைத்ததும் சாயம் போகிறதே, கட்சிக்கு அப்படி என்ன அவசரம்? எல்லாம் எங்கள் மண்ணின் மொழியான குவரானியில்தான். ஸ்பானிஷ் அவருக்குத் தெரியும், மைக்கில் பேசமாட்டார்.

"நாம அழறது குவரானியில, மனு எழுதறது ஸ்பானிஷ்ல. அழறதே புரியாதவனுக்கு மனு மட்டும் எப்படிப் புரியும்?"

"பொய்!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும். முடிதிருத்தும் எவாரிஸ்தோ. சிவப்புக் கட்சிக்காரர், அவருடைய அப்பாவும் தாத்தாவும் சிவப்பு. கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை இல்லாமல் குளிக்கக்கூடப் போகமாட்டார் என்பார்கள். பாதி வெட்டிய தலையை நாற்காலியிலேயே விட்டுவிட்டு, சீப்பும் கையுமாக வாசலுக்கு வந்து கத்துவார். "பிள்ளைங்க ஸ்பானிஷ் படிக்கலன்னா உன்னை மாதிரி இலை இடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்!"

"உன்னை மாதிரி மசிரு பெருக்கறதை விட இலை இடிச்சா கையாவது மணக்கும்டா!"

வருஷக்கணக்கில் இது நடந்தது. இருவரும் தெருவில் எதிர்ப்பட்டால் பேச்சு கிடையாது. பேசுவதற்கு ஊரே நடுவில் வேண்டும்.

அந்த வருஷம் பராகுவே ஆறு இறங்கவே இல்லை. மழை நின்ற பிறகும் தண்ணீர் ஏறியது. கரை தாங்கும் என்று தலைநகரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எவாரிஸ்தோவும் சொன்னார், அவர்கள் கட்சி கட்டிய கரை. தெயோலிந்தா அக்காவும் தாங்கும் என்றுதான் சொன்னார், அதையும் மைக்கில் சொன்னார். ஒரு சாயங்காலம் கரை உடைந்தது.

நான் ஆம்ப்ளிஃபையரையும் ஒலிபெருக்கியையும் மைக்கையும் தலையில் தூக்கிக்கொண்டு மாதா கோயிலுக்கு ஓடினேன். ஊரில் மேடான இடம் அதுதான். கோபுரத்தில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு பார்த்தபோது தெருக்கள் இல்லை. கூரைகள் மட்டும் இருந்தன, அவற்றின் மேல் மனிதர்கள். மின்சாரம் போய்விட்டது, போன்களும் செத்துவிட்டன. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடிக்கும் கசியானோவிடமும் இன்னும் சிலரிடமும்தான் படகு. எந்தக் கூரைக்கு முதலில் போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. யாரும் கத்தவில்லை. 

கீழே நின்ற லாரியிலிருந்து கழற்றி வந்த பேட்டரியில் கம்பியை இணைத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டில் தெயோலிந்தா அக்கா வந்தார், மார்பு வரை நனைந்திருந்தார். பாதிரியார் ஜெபமாலையோடு மைக்கை நோக்கிக் கை நீட்டினார்.

"சாமி, நீங்க மேல பேசுங்க. நான் பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசறேன்" என்று அக்கா மைக்கை எடுத்துக்கொண்டார்.

"நான் தெயோலிந்தா. கரை தாங்கும்னு நான் சொன்னது தப்பு. அதுக்கு நாளைக்கு வந்து திட்டுங்க. இன்னைக்கு வேற விஷயம். பேக்கரித் தெரு! உங்க சீப்பா ரொட்டியில பாலாடைக்கட்டியே இல்ல. வெறும் மாவு. பல வருஷமா சொல்லணும்னு இருந்தேன்."

குரல் தண்ணீரின் மேல் போய், எங்கோ மோதித் திரும்பி வந்தது.  பிறகு தூரத்தில், கோபத்தில் கீச்சிடும் ஒரு பெண் குரல்: "பாலாடைக்கட்டி பாதிக்குப் பாதி போடறேன்டி! வந்து தின்னு பாரு!"

"எத்தனை பேரு இருக்கீங்க?"

"ஆறு! ஒண்ணு கைக்குழந்தை!"

"கசியானோ, பேக்கரித் தெரு, கைக்குழந்தை!"

அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று எனக்கு உறைத்தது. தெருத் தெருவாகப் போனார். பள்ளிக்கூடத் தெருவின் கால்பந்துக் குழுவை இழித்துப் பேசினார். கூரை மொத்தமும் எழுந்து கத்தியது. எதிர்க்கட்சியான நீலக் கட்சிக்காரர்களின் ஊர்வல வாத்தியத்தைக் கழுதைக்கு ஒப்பிட்டார். பதிலுக்கு அவர்கள் தட்டிய பானைகளும் தகரங்களும் அதிர்ந்தன. டீச்சரம்மா ஒருத்தி, "அக்கா, உங்க இலக்கணமே தப்பு!" என்று தனித்து நின்ற ஒரு மரத்தின் உச்சியிலிருந்து கத்தினாள். பதில் வந்த ஒவ்வொரு இடத்துக்கும் படகு திரும்பியது. மங்கிய வெளிச்சத்தில் ஊரே தெரியவில்லை. ஆனால் ஊர் முழுக்க மறுத்துப் பேசிக்கொண்டிருந்தது, நாலா பக்கமும், தண்ணீரிலிருந்தே குரல் முளைப்பதைப் போல. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். 

"எவாரிஸ்தோ! கரையைக் கட்டினது உங்க கட்சிதானே? எங்க அது?"

பதில் இல்லை.

"உன் கைக்குட்டை சிவப்பு இல்ல, பழைய உள்பாவாடையில கிழிச்சது!"

இல்லை.

"உன் ஸ்பானிஷைக் கேட்டா ஸ்பெயின்காரனே அழுவான்!"

தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் மைக்கைக் கையால் மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"சிரிலோ, அவன் வாயை மூடிட்டு இருக்கமாட்டான்."

"காதுக்கு எட்டாத கூரையில இருப்பாரு, இல்ல வேற எங்கயாவது..." என்றேன்.

"இதுக்கு வாயைத் திறக்கலன்னா அவனால முடியலைன்னு அர்த்தம்." மைக்கைத் திறந்தார். "கசியானோ! எல்லாத்தையும் விடு. சலூனுக்குப் போ. கதவை உடை!"

சலூனுக்குள் கண்ணாடி பதித்த பெரிய அலமாரி சாய்ந்து எவாரிஸ்தோவின் காலை நசுக்கியிருந்தது. தண்ணீர் தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூடிய கதவுக்குள் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. கசியானோவும் அவன் தம்பியும் முங்கி அலமாரியைப் புரட்டி அவரைப் படகில் போட்டார்கள். படகு கோயில் பக்கம் வரும்போது அவர் உதடு அசைந்தது. கசியானோ காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, எழுந்து நின்று கத்தினான்.

"அக்கா! 'பொய்'னு சொல்றாரு!"

கூரையிலிருந்து கூரைக்கு அந்தச் செய்தி போனது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத சத்தம். தெயோலிந்தா அக்கா மைக்கை என் கையில் திணித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

தண்ணீர் வடிய வாரங்கள் ஆயின. மேட்டு நிலத்தில் கூடாரம் போட்டிருந்தபோது தலைநகரிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார், மடிப்புக் கலையாத சட்டை. குவரானி தெரியாதவர். அக்கா எழுந்து குவரானியிலேயே ஆரம்பித்தார். யாராவது மொழிபெயர்க்க வேண்டும் என்றார் அதிகாரி. காலில் கட்டோடு நாற்காலியில் இருந்த எவாரிஸ்தோ கை தூக்கினார். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை இருந்தது. கூட்டம் முணுமுணுத்தது.

"நீங்க கரையைக் கட்டல. மண்ணைக் குவிச்சு, முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனீங்க" என்றார் அக்கா.

 எவாரிஸ்தோ தெளிவான, அழகான ஸ்பானிஷில், ஒரு சொல்லையும் குறைக்காமல் அதைச் சொன்னார். அக்கா அடுத்ததைச் சொன்னார், இவர் அதையும் ஸ்பானிஷில் சொன்னார். திட்டையும் திட்டாகவே சொன்னார்.

அதிகாரி அவருடைய கைக்குட்டையைப் பார்த்தார். "இது உங்கள் கருத்தா?"

"இந்தம்மாவோட கருத்துய்யா. இவளுக்கும் எனக்கும் எதிலயும் ஒத்துப்போகாது." கட்டுப் போட்ட காலை இரு கைகளாலும் நகர்த்தி வைத்துக்கொண்டார். "கரை விஷயத்துல மட்டும் இவ சொன்னதை எழுதிக்குங்க."

கரையைக் கல்லில் கட்ட இரண்டு வருஷம் ஆனது. அதற்கு முன்னால், அந்த வாரமே, கூரைத் தகரங்கள் வந்தன. தெயோலிந்தா அக்கா ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"சிரிலோ, மைக்கு எங்க?" என்றார்.