மஞ்சள் சொண்டு

குளிர்ப்பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தால், கொஞ்ச நேரத்தில் உள்ளே உறைந்து கிடக்கும் பனி முனகத் தொடங்கும். பிறகு ஒரு வெடிப்பு. அதைக் கேட்டதும் துணியைக் கையிலிருந்து நழுவவிட்டு நான் ஒரு மலை ஏரிக்குப் போய்விடுகிறேன்.

அந்த ஏரி மாரிக் குளிரில் பேசும். பனிக்கட்டி தடிக்கத் தடிக்க, ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நீண்ட முழக்கம் ஒன்று ஓடும். இழுத்துக் கட்டிய கம்பியை யாரோ தொலைவில் தட்டிவிட்டது போல. ஏரி வழிந்து ஓடையாகிற இடம் மட்டும் உறையாது. அங்கே வெள்ளை மார்பு வைத்த தவிட்டு நிறக் குருவியொன்று நீருக்குள் முங்கி எழும். சொட்டச் சொட்டக் கல்லில் நின்று பாடும். அந்தக் குளிரில் பாடுவதற்கு அதற்கு என்ன இருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். எனக்கு ஸ்டுட்கார்ட்டில் தொழிற்சாலை வேலை. விடுமுறை நாளில் அறைக்குள் கால் தரிக்காது. ரயிலேறி, பேருந்து மாறி, அந்த ஏரிக்கரை விடுதிக்குப் போய்விடுவேன். அதன் சமையலறையில் பாத்திரம் கழுவிக் கிழங்கு சீவிக்கொண்டு அண்ணை இருந்தார். உறவில்லை. அகதி முகாமில் ஒரே அறையில் இரண்டு மாரி கழித்தவர்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியை எடுப்பிக்க அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தார். மலையில் கைத்தொலைபேசி எடுபடாது. அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்கு அழைத்து அண்ணையின் நலம் சொல்வது என் வேலை.

அக்கா வந்து சேரும்வரை சனிக்கிழமை விரதம் என்று நேர்ந்திருந்தார். எள்ளுச்சோறு சமைத்துக் காகத்துக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் அவர் சாப்பிடலாம். ஊரில் இது ஐந்து நிமிடக் காரியம். இங்கே பனி விழுந்ததும் காகங்கள் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டன. போன சனி ஒன்றும் வராமல், வெறும் வயிற்றோடு வேலைக்குப் போய், சூப்புச் சட்டியோடு விழுந்திருந்தார். விடுதிக்காரி நல்ல மனுசி. ஆனாலும் இன்னொரு தரம் விழுந்தால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். வேலை போனால் அன்ட்ராக்கும் போகும்.

இந்தச் சனி அவருக்கு மூன்று மணிக்கு வேலை. மதியம் திரும்பியும் முட்டைக்கோவா இலையில் வைத்த சோறு அப்படியே கிடந்தது. அது கல்லாய் உறைய, அண்ணை மூன்றாம் தரம் சூடாக்கிக் கொண்டுவந்தார்.

"உங்கடை விரதத்தை நான் பிடிக்கிறன். நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை."

"நீரோ? பஸ்ஸிலை இறைச்சிப் பாண் திண்ட வாய்."

பிறகு கைகளை வாயருகே குவித்து, ஊர்ப் பழக்கத்தில் "கா… கா…" என்று உரத்துக் கூப்பிட்டார். மலை அதைத் திருப்பிக் கூப்பிட்டது. எதிர்க்கரையில் புல் தொட்டியருகே நின்ற மான்கள் தலை நிமிர்த்தின. அடுத்த கணம் வயிறு புதையும் பனியில் பாய்ந்து காட்டுக்குள் ஏறின.

மான்களுக்குப் புல் போடும் காட்டுக் காவலர் ஏரியைச் சுற்றி நடந்து வந்தார். அவர் கத்தவில்லை, அதுதான் கூடப் பயமாயிருந்தது. "மாரியில் அவை இதயத்தைக்கூட மெதுவாக்கிக்கொண்டு நிற்கும். இப்படி ஓடினால் வசந்தம்வரை தாங்காது" என்றார்.

அண்ணையின் முகம் விழுந்துவிட்டது. "அதுகளும் விரதமல்லோ. நான் குழப்பிப்போட்டன்."

நான் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் காகத்தையும் சோற்றையும் விளங்கப்படுத்தினேன். காவலர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே பாறையைக் காட்டினார். கறுப்புப் பறவைகள் இரண்டு காற்றில் சறுக்கி இறங்கி, விடுதி வேலியில் உட்கார்ந்தன.

"மஞ்சள் சொண்டு, சிவத்த கால். இது காகமோ?" என்றார் அண்ணை.

"கறுப்புத்தானே."

"கறுப்பெண்டால் காணுமோ? அப்ப உமக்கே வைச்சிருக்கலாம்."

மணி இரண்டாகிவிட்டது. இது காகமா என்று காவலரையே கேட்டேன்.

"காகத்துக்குச் சொந்தம்தான்," என்றார் அவர். "கிட்டத்துச் சொந்தம்."

நான் அதைத் தமிழில் சொல்ல, அண்ணை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒரு கடுதாசியும் கேக்காமல் சொல்லிப்போட்டான். என்ரை மனிசி எனக்குச் சொந்தமெண்டு காட்ட நான் ரெண்டு வருசமாக் கடுதாசி குடுக்கிறன்." பிறகு இலையை வேலியருகே தள்ளி வைத்துவிட்டுப் பின்னால் வந்தார்.

மூன்று பேரும் மூச்சையும் அடக்கி நின்றோம். ஏரிக்கு அடியில் முழக்கம் ஓடியது; பறவைகள் பறக்கவில்லை. ஒன்று இறங்கித் தலையைச் சரித்துப் பார்த்தது. சோற்றை விட்டு முதலில் எள்ளை எள்ளாகப் பொறுக்கியது. பிறகு ஒரு வாய் சோறு. அண்ணை கும்பிட்டார். காவலர் ஏனென்று தெரியாமலே தொப்பியைக் கழற்றினார்.

சமையலறை வாசலில் நின்றபடியே அண்ணை இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டார். காதுமடலில் நிறம் திரும்பியது. மறுகரையில் மான்களின் கால்தடம் மட்டும் கிடந்தது. அவர் அந்தப் பக்கமும் இடைக்கிடை பார்த்துக்கொண்டார்.

இரண்டரை மணிப் பேருந்து வந்தது. நான் ஏறி உட்கார்ந்தபின் அண்ணை வெளியே நின்று கண்ணாடியைத் தட்டினார். நான் இறங்கி வாசலுக்கு வந்தேன்.

"நாளைக்கு அக்காவோடை கதைக்கேக்கை, சனி விரதம் ஒழுங்காப் போகுதெண்டு சொல்லும்."

"ஓம் அண்ணை."

"மஞ்சள் சொண்டு எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும். அவ வந்து பாக்கட்டும்."