பதினோரு வருடம் அடித்த அலாரம்

என் அக்காவின் கணவருக்குக் கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அலாரம் பார்க்கிற வேலை. அங்கே இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, இரும்புப் பெட்டிகளுக்குள் நெட்வொர்க் சுவிட்சுகள் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மின் இணைப்பு. ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். மூன்றாம் பெட்டிக்கு இரண்டாவதைக் கொடுக்க யாரோ மறந்துவிட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது, ஒரு இணைப்பைக் காணோம் என்று அலறியது. ஓடுகிற இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்பது மேனேஜரின் கொள்கை. அதனால் கம்பி இழுக்காமல், திரையில் ‘பார்த்தாச்சு’ என்ற பொத்தானை அழுத்த மாமாவை நியமித்தார்.

பதினோரு வருடம் அழுத்தினார். தொழிற்சாலையில் அவர் பெயரே பார்த்தாச்சு ஆகிவிட்டது. வீட்டிலும் அதே கதைதான்.

“ஏங்க, மழை வருது, துணியெல்லாம் நனையுது!”

“பார்த்தாச்சு,” என்பார், தலையைத் திருப்பாமல்.

“வீடு பத்திக்கிச்சுன்னு சொன்னாலும் இதையேதான்டா சொல்வார்,” என்று அக்கா என்னிடம் புலம்புவாள்.

போன வருடம் புதிதாக ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள். மாமாவின் பக்கத்தில் நின்று இரண்டு முறை அலறலைக் கேட்டாள்.

“இதை ஏண்ணே யாரும் நிறுத்தல?”

“அப்பப்ப நிறுத்திக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்.”

அடுத்த திங்கட்கிழமை காலை, இயந்திரங்கள் பராமரிப்புக்கு நின்றிருந்தபோது, அவளே கம்பி இழுத்து இணைத்தாள். அரை மணி நேர வேலை. பதினோரு மணிக்கு இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. அலாரம் வரவில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஆறு தடவை அலறினால் ஒரு மணி நேரம் என்று பேக்கிங் பெண்கள் பழகியிருந்தார்கள். இப்போது பாதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். மீதிப் பேர் இன்னும் நேரமாகவில்லை என்று சண்டை பிடித்தார்கள். காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்: “என்ன ஆச்சு? சத்தத்தையே காணோம்!” ஏதோ பெரிய ஆபத்து என்று மேனேஜர் முகம் வெளுத்துப்போய், எல்லோரையும் மைதானத்துக்குப் போகச் சொன்னார். இருநூறு பேர் வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

மாமா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. இத்தனை வருடம் திரையை அடைத்திருந்த அந்த அலாரம் விலகியதும், அடியில் சத்தம் போடாமல் கிடந்த ஒரு வரி தெரிந்தது. ஏழாம் பெட்டி, வெப்பம் அதிகம். தினமும் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை. நாலு வருடமாக. விரல் தானாகப் பொத்தானுக்குப் போனது.

“பாதியில நின்னுடுச்சுடா. எனக்கே ஆச்சரியம். எழுந்து நடந்துட்டேன்,” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஏழாம் பெட்டியைத் திறந்தார். உள்ளே சுவிட்சின் மேல், காற்று போகிற துளைகளை அடைத்துக்கொண்டு ஆறு சாப்பாட்டு டப்பாக்கள், ஆறாமல் இருக்கட்டும் என்று அடுக்கியவை. மேல் டப்பாவில் மேனேஜரின் பெயர் ஒட்டியிருந்தது.

அத்தனையையும் அணைத்துத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

“சார், இது உங்களுதா?”

மேனேஜர் டப்பாவையே பார்த்தார். “சூடா இருக்கா?”

“நல்லாவே இருக்கு சார். இன்னும் கொஞ்ச நாள் விட்டா சுவிட்சும் வெந்திருக்கும்.”

இருநூறு பேரும் சிரித்தார்கள்.

மறுநாள் இரண்டு உத்தரவுகள் வந்தன. பெட்டிகளில் சாப்பாடு வைக்கக் கூடாது. பத்து நிமிடம் எந்த அலாரமும் வராவிட்டால், வரவில்லை என்று ஒரு அலாரம் அடிக்க வேண்டும். இன்ஜினியர் பெண் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனாலும் செய்து கொடுத்தாள். யாரையும் நம்ப முடியாது என்று மேனேஜர் அதைத் தன் அறையில் வைத்து, அது அலறும்போதெல்லாம் தானே ‘பார்த்தாச்சு’ அழுத்திக்கொண்டிருக்கிறார்.

மாமா இப்போது அந்தப் பெண்ணோடு பெட்டி பெட்டியாகப் போய்த் திறந்து பார்க்கிறார். அக்காவுக்குத்தான் புதுத் தலைவலி.

“சாப்பிட உட்கார்ந்தா, ஏழாம் பெட்டிக்கு இன்னிக்கு முப்பத்தெட்டு டிகிரிங்கிறார். காய்ச்சல்னா கஷாயம் வெச்சுக் கொடுக்கணுமான்னு கேட்டேன். யோசிக்கிறாருடா!”