காய்ச்சல் இல்லாத கை

சிக்குன்குனியாவைப் பற்றி உலகத்தில் யார் யார் என்ன ஆராய்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அப்போது என் வேலை. வடக்குப்பட்டு வாடகை வீட்டில் உட்கார்ந்து, கட்டுரைகளை நாடுவாரியாகப் பிரித்து வரைபடம் போட்டு ஆபீசுக்கு அனுப்புவேன். கோடு வருடத்துக்கு வருடம் மேலே ஏறும். அடுத்த பெருந்தொற்றுக்கு உலகம் தயாராகிறது என்று அதன் கீழே ஒரு வரி எழுதச் சொல்வார்கள். எழுதுவேன்.

அந்த மழைக்காலத்தில் என் மனைவிக்கே அது வந்தது. போன் செய்கிற கம்பெனியின் அசெம்பிளி லைனில், கடுகளவு ஸ்க்ரூவை ட்வீசரால் எடுத்துப் பொருத்துகிறவள் அவள். காய்ச்சல் நாலைந்து நாளில் விட்டது. வலி விரல்களை விடவில்லை. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனுக்கு மாறினாள், அதுவும் நழுவியது. எனக்கு வந்த கோபத்தைக் காட்ட ஆள் இல்லை. கொசுவை அடித்தேன்.

ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, மேல மேல போய்கினே கீது? நோயா?"

"இல்ல, அதப் பத்தின ஆராய்ச்சி."

"இவ்ளோ பேர் எழுதுறாங்களா! என் விரலு எப்ப மடங்கும்னு அதுல போட்டுகீதா?"

"சிலருக்கு மாசக்கணக்குல ஆவுமாம். சிலருக்கு வருஷக்கணக்குல."

"நான் எதுல கீறேன்?"

அது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

திங்கட்கிழமை வராவிட்டால் அந்த இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிடுவோம் என்று காண்ட்ராக்டர் போன் செய்தார். ஞாயிறு முழுக்க வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு, தட்டில் கடுகைக் கொட்டி ட்வீசரால் எடுத்துப் பழகினாள். வீடெல்லாம் கடுகு. நான் பெருக்கினேன்.

காலையில் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். கொரோனா காலத்துக் காய்ச்சல் துப்பாக்கியை கேட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள். எந்தத் தொற்று வந்தாலும் வாசலிலேயே பிடித்துவிடுவார்களாம், கிழித்தார்கள். செக்யூரிட்டி அதை அவள் நெற்றிக்கு நேராக நீட்டினார்.

"நார்மல்மா, உள்ள போ."

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பரீட்சையில் பாஸான சிரிப்பு.

எனக்குக் கிளம்ப மனம் வரவில்லை. எதிர் டீக்கடையில் நின்றேன். இரண்டாவது டீ ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டாள். கழுத்தில் கம்பெனி அட்டை இல்லை.

"ஸ்க்ரூ கையில நிக்கவே இல்லீங்க. காய்ச்சல்தான் இல்லியே, இன்னாத்துக்கு நடிக்கிறன்னு சூப்பர்வைசர் கத்துனாரு. கார்டைக் கழட்டிக் குடுன்னாரு."

"குடுத்துட்டியா?"

"கிளிப்பை அமுக்க முடியல. அவரே கழட்டிகினாரு."